லைக்கா எம் மோனோகுரோம்
டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, ஜெர்மனி, 2012

வண்ணமே பதியாத கேமரா இது. வழக்கமான டிஜிட்டல் கேமராவில் சென்சார்மீது சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் நுண்கட்டங்களாகப் படிந்திருக்கும். வரும் ஒளியில் பெரும்பங்கை அவை விழுங்கிவிடும். இதன் 1.8 கோடி பிக்சல் சென்சாரில் அந்த அடுக்கே கிடையாது. அதனால் படம் கூர்மையாக விழும், மங்கிய வெளிச்சத்திலும்.

வானம் கருக்க வேண்டுமானால், ஃபிலிம் காலத்தைப் போலவே, எடுக்கும்போதே லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டியாக வேண்டும். கோப்பில் நிறத் தகவல் இல்லாததால் பிறகு கணினியில் அதைச் செய்ய வழியில்லை. ஒரேயடியாக வெளுத்துப்போன இடமும் மீளாது. சற்று இருட்டாக எடுப்பதே புத்திசாலித்தனம்.

வியூஃபைண்டரின் நடுவே தெரியும் இரட்டை உருவம் ஒன்றாகும்வரை லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸ் சரியாகும். அந்த வியூஃபைண்டர் வெறும் கண்ணாடி. அதில் உலகம் வண்ணத்தில்தான் தெரியும்.