அரிவாள் ஏன் அடிக்கடி மழுங்குகிறது? வெட்டும் பொருளில் இருக்கிறது விடை!

‘காலையில் தீட்டிய அரிவாள் மதியத்துக்குள் மழுங்கிவிடுகிறது. இரும்பு சரியில்லையா, அடித்துக் கொடுத்தவர் சரியில்லையா?’ சாக்கோட்டை, காரைக்குடி வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பல நேரங்களில் இரண்டின் மீதும் தப்பு இருக்காது. எதை வெட்டுகிறோம், எதன் மேல் வைத்து வெட்டுகிறோம், எப்படிக் கழுவுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மழுங்கிய அரிவாளால் வேலை மட்டும் தாமதமாவதில்லை. நெல்லை அறுக்காமல் இழுக்கும், முற்றிய கதிரிலிருந்து மணி உதிரும். தீவனப்புல்லின் தூரைக் கிழித்துவிடும், கிழிந்த தூரில் தண்ணீர் இறங்கி அழுகல் வரும், மறுதாம்பு குறையும். எல்லாவற்றையும்விட, கூடுதல் பலம் கொடுத்து வெட்டும்போது வழுக்கிக் கையில், காலில் விழுவது மழுங்கிய அரிவாள்தான்.

இரும்பைவிடக் கடினமானது மணல்

எந்தப் பொருள் எதைக் கீறும் என்பதை வைத்து, ஜெர்மனியைச் சேர்ந்த பிரெடரிக் மோஸ் 1812-ல் 1 முதல் 10 வரை ஒரு கடினத்தன்மை அளவுகோலை வகுத்தார். அதில் கத்தி இரும்பு சுமார் 5 முதல் 6.5 வரை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், அதாவது நம் ஊர் வெங்கச்சங்கல், 7. ஆக, ஒரு மணல் துகள் வாயில் பட்டால் தேய்வது மணல் அல்ல, அரிவாள்தான்.

அரிவாள் கெடுவது நான்கு வகையில். தேய்வது, வாய் மடிவது, சில்லு தெறிப்பது, துரு அரிப்பது. எந்தப் பொருள் எதைச் செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

வைக்கோலுக்குள் இருக்கும் கண்ணாடி

நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி, தாளிலும் உமியிலும் சேர்த்து வைக்கிறது. உமியை எரித்தால் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் ஏறக்குறைய 90 சதவிகிதம் சிலிக்காதான். உமிச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் பாத்திரம் பளபளப்பதும் இதனால்தான். பயிர் சாயாமல் நிற்கவும், குலைநோயையும் தண்டுத்துளைப்பானையும் தாங்கவும் சிலிக்கா உதவுகிறது. பயிருக்கு நன்மை, அரிவாளுக்குத் தேய்மானம்.

கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல், கரும்புத் தோகை, மூங்கில், பனை மட்டை எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. புல்லின் ஓரம் கையைக் கிழிப்பதே இதற்குச் சாட்சி. தினமும் இரண்டு சுமை புல் அறுப்பவர், தினமும் இரண்டு இழுப்பு தீட்டத்தான் வேண்டும்.

கதிர் அறுக்கும் கருக்கரிவாளில், பல்லின் முனை தேய்ந்தாலும் பற்களின் இடுக்குகள் கொஞ்ச காலம் அறுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் நெல்லுக்கு அது உகந்தது. ஆனால், அதைச் சாணைக்கல்லில் பிடித்தால் பல்லே போய்விடும். கொல்லரிடம் கொடுத்துப் பல் வெட்டி வாங்குவதே முறை.

செம்மண்ணும் கறையான் புற்றும்

சாக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் நிறைந்த நிலம். மழைத்துளி தெறித்து, பயிரின் அடித்தண்டில் மண் ஒட்டியிருக்கும். தரையை ஒட்டி அறுத்தால், தண்டோடு சேர்த்து அந்த மணலையும் அறுக்கிறோம். நான்கு விரல் உயரம் விட்டு அறுத்தால் அரிவாள் நீடிக்கும். வைக்கோல் கொஞ்சம் குறையும், கணக்குப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள்.

சீமைக் கருவேலம் வெட்டுபவர்களுக்கு இரண்டு தொல்லை. மரம் இறுக்கமானது, மெல்லிய வாய் மடிந்துவிடும். அடிமரத்தில் கறையான் மண் அப்பியிருந்தால், அதிலுள்ள மணல் வாயைத் தின்றுவிடும். பட்டையைத் தட்டிவிட்டு, வாய் தடித்த வெட்டரிவாளாலோ கோடாலியாலோ வெட்டுங்கள். புல் அரிவாளை விறகுக்கு எடுக்காதீர்கள். வேலி மரங்களில் பழைய ஆணியோ முள்கம்பியோ புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே வெட்டில் சில்லு தெறித்துவிடும்.

அடுப்படியில் நடப்பது

பாட்டி காலத்து அரிவாள்மனை நீண்ட நாள் கூர் தாங்கும். காரணம், அதன் வாய் எந்தத் தரையிலும் மோதுவதில்லை, காய் மட்டும்தான் அதில் படுகிறது. இன்று கத்தியை எவர்சில்வர் தட்டிலும், கிரானைட் மேடையிலும், பீங்கான் தட்டிலும் வைத்து நறுக்குகிறோம். கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. காய் அறுபட்ட மறுநொடி கத்தியின் வாய் கல்லில் மோதுகிறது. மரப்பலகை ஒன்று போட்டாலே கத்தியின் ஆயுள் கூடும்.

சேனை, மரவள்ளி, கருணைக்கிழங்கை மண் போகக் கழுவிய பிறகே வெட்டுங்கள். மாங்காய், எலுமிச்சை, புளி பட்டால் அதன் அமிலம் மெல்லிய வாயைத்தான் முதலில் அரிக்கும். உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். பலாப்பழத்துக்கும் வாழைக்காய்க்கும் முன்கூட்டியே எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது. ஒட்டிய பாலை மண் போட்டுத் தேய்ப்பதுதான் பெரிய கெடுதல். சாம்பல் போட்டுக் கழுவுவதும் அப்படித்தான். அட்டைப்பெட்டி அறுப்பதற்கு ஒரு பழைய கத்தியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் களிமண், சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும்.

கெடுப்பதும் கல், தீட்டுவதும் கல்

வெங்கச்சங்கல்லைப் பொடித்து மரக்கட்டையில் தூவி அரிவாள் தீட்டுவது நம் கிராமத்து வழக்கம். வாயைத் தேய்க்கும் அதே குவார்ட்ஸ், ஒரே சாய்வில், ஒரே சீராகத் தேய்த்தால் கூர் தருகிறது.

மின்சாரச் சாணையில் கவனம் தேவை. தண்ணீர் இல்லாமல் அழுத்திப் பிடித்து, வாய் நீலநிறமாக மாறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளாகவே இருந்தாலும் அந்த இடம் கூர் தாங்காது. அடிக்கடி தண்ணீரில் நனைத்து, லேசாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வாசகர் கேள்விகள்

தீட்டியும் வெட்டவில்லை, ஏன்?
வாய் ஒரு பக்கமாக மடிந்திருக்கலாம். தீட்டிய முகத்துக்கு மறுபக்கத்தில் விரலைக் குறுக்காகத் தடவினால் பிசிறு தட்டுப்படும். விரலை வாயின் நீளத்துக்கு ஓட்டாதீர்கள். அந்தப் பக்கத்தையும் லேசாகத் தீட்டிப் பிசிறை எடுத்தால் வெட்டும்.

வேலை இல்லாத மாதங்களில் எப்படி வைப்பது?
கழுவி, வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உர மூட்டை பக்கத்தில் வேண்டாம். உரத்தின் உப்பும் ஈரமும் சேர்ந்தால், ஒரு வெட்டுக்கூட வெட்டாமலே துரு வாயைத் தின்றுவிடும்.