கத்தரிக்காய்க்காக ஊரைக் கேட்டார்கள்

மரபணு மாற்றிய கத்தரியைச் சாகுபடிக்கு விடலாம் என்று மத்திய அரசின் நிபுணர் குழு 2009 அக்டோபர் 14 அன்று பச்சைக்கொடி காட்டியது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை உடனே ஏற்கவில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கொல்கத்தா முதல் பெங்களூரு வரை ஏழு நகரங்களில் கூட்டம் கூட்டி, விவசாயிகளையும் விஞ்ஞானிகளையும் நுகர்வோரையும் பேசச் சொன்னார். அறிவியல் சார்ந்த அரசு முடிவில் மக்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

கத்தரிக்குப் பெரிய எதிரி காய்த்துளைப்பான். புழு காய்க்குள் புகுந்துவிட்டால் மேலே அடிக்கும் மருந்து அதை எட்டாது. அது நுழையும் முன்பே கொல்லத்தான் விவசாயி திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள்ளேயே சேர்த்தால், கடிக்கிற புழு செத்துவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இந்த ஆராய்ச்சியில் இருந்தது. கோ 2, எம்.டி.யு. 1, பி.எல்.ஆர். 1 போன்ற நம்மூர் ரகங்களில் அந்த மரபணு ஏற்றப்பட்டது.

நஞ்சு உண்டா, ஒவ்வாமை வருமா என்று நிபுணர்கள் பார்த்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். விதையை விற்கப்போகிறவர் தரும் சோதனை முடிவை எப்படி நம்புவது? மகரந்தம் பறந்து நாட்டு ரகங்களோடு கலந்தால் என்ன ஆகும்? சந்தையில் வாங்குகிறவருக்கு எது எந்தக் காய் என்று எப்படித் தெரியும்? இவை அறியாமையில் பிறந்த கேள்விகள் அல்ல. சோதனைக்கூடத்துக்கு வெளியே, வயலிலும் கடையிலும் நிற்பவர்களுக்கே முதலில் தோன்றக்கூடியவை.

கூட்டங்களில் கூச்சலும் இருந்தது. தமிழ்நாட்டு ரகங்கள் சம்பந்தப்பட்டும் அந்த ஏழில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் நடக்காதது பெரிய குறை.

2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் அனுமதியை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013-இல் அதே கத்தரியை அனுமதித்தது. எது சரி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நான் மதிப்பது அவர் முடிவைச் சொன்ன விதத்தை. யார் என்ன சொன்னார்கள், எதை ஏற்றேன், ஏன் என்று எழுத்தில் வைத்தார். வந்த கடிதங்களையும் சேர்த்து வெளியிட்டார். கேட்டுவிட்டுக் காரணம் சொல்லாமல் முடிவெடுத்தால் கேட்டதற்கே அர்த்தமில்லை.

சட்ட, விதி வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் கொள்கை வகுத்தது. அப்படி ஒன்று வரும்போது கடைசித் தேதியை முதலில் பாருங்கள். எந்தப் பிரிவு, அதனால் உங்கள் வயலிலோ தொழிலிலோ என்ன நடக்கும், அதற்குப் பதில் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.