ஆற்று மீனும் அதிலடங்கிய நுண் உலோகங்களும்

வில்லியனூர்ப் பகுதிக் குடியானவர்களுக்குச் சங்கராபரணியும், பாகூர்ப் பகுதியாருக்குத் தென்பெண்ணையும் நன்செய்க்கு நீரையும் வீட்டிற்கு மீனையும் ஒருங்கே அளிப்பன. செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணியின் நீர் வாய்க்கால் வழியே ஊசுட்டேரியைச் சேர்கிறது. பெண்ணையின் நீர் பங்காரு வாய்க்காலால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஆகவே ஆற்றிற் கலப்பது யாதாயினும் அது ஏரியையும், வயலையும், உண்கலத்தையும் அடையக்கூடும்.

மீனில் உலோகம் எங்ஙனம் வரும் எனச் சிலர் ஐயுறலாம். துத்தநாகம், செம்பு, இரும்பு, மாங்கனீசு ஆகியவை சிற்றளவில் உயிர்களுக்கு இன்றியமையாதன. துத்தநாகம் குறைந்த வயலில் நெற்பயிர் துருவேறினாற்போற் பழுத்துக் குன்றுவதை உழவர் கண்டிருப்பர்; மனித உடலும் அப்படியே. ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியனவோ உடலுக்கு யாதொரு நன்மையும் செய்யாமல் நாளடைவில் அதில் தங்குவன. ஆலைக்கழிவு, சாயம், பழைய பேட்டரி முதலியவற்றிலிருந்து இவை நீரிற் கலக்கும். பாஸ்பேட் உரங்களிலும் காட்மியம் சிறிது உண்டு. சேற்றில் இரைதேடும் கெளுத்தி சேற்றிற் படிந்ததை உட்கொள்ளும். சிறுமீன்களைத் தின்னும் விராலிடத்திற் பாதரசம் அதிகமாகச் சேரும். ஜப்பானில் மினமாட்டா என்னும் ஊரில் ஆலைப் பாதரசம் கலந்த மீனை உண்டோர் நரம்பு நோயுற்றமை 1956-ஆம் ஆண்டு வெளிப்பட்டது.

பரிசோதனைச் சாலையில் மீனின் நீளமும் எடையும் குறித்தபின் தசை, செவுள், ஈரல் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து உலர்த்தி, நைட்ரிக் அமிலத்திலிட்டுத் தெளியும்வரை காய்ச்சுவர். அந்நீரைச் சுடரில் தூவி, குறித்த உலோகத்திற்குரிய ஒளியை அதனூடே செலுத்தினால், எவ்வளவு ஒளி உட்கவரப்படுகிறதோ அதனால் உலோகத்தின் அளவு விளங்கும். இம்முறையை ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1955-இல் வெளியிட்டார். குப்பியை முன்னரே அமிலத்தாற் கழுவாவிடில் குப்பியின் அழுக்கே மீனின் குற்றமாகத் தோன்றும்!

முடிவுகளைப் படிப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மீன்தசையில் முக்காற்பங்கு நீராதலால், உலர்ந்த எடைக்குக் கூறிய எண் பச்சை மீனுக்குரியதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்காக இருக்கும். மீனிற் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் ஈயம் என்னும் உச்ச வரம்போ பச்சை மீனுக்கே உரியது. இரண்டையும் குழப்பி வீணே அஞ்சுவோர் பலர்.

ஈயமும் காட்மியமும் தசையைவிடச் செவுளிலும் ஈரலிலும் மிகுதியாகத் தங்குமாதலால், அவற்றையும் குடலையும் நீக்கிச் சமைப்பது நலம். பாதரசம் தசையிலேயே கலந்திருப்பதால் அதற்கு இவ்வழி உதவாது. குழம்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் ஈயம் அழியாது.

ஏரியில் மீன்கள் திடீரென இறந்து மிதப்பின், கிராம அதிகாரிகள் அவற்றைப் புதைக்கும் முன்னரே சில மீன்களைத் தூய பையிலிட்டுப் பனிக்கட்டியில் வைத்து, அவ்விடத்து நீரைத் தனிக் குப்பியில் எடுத்து, இடமும் நாளும் நேரமும் எழுதி மீன்வளத் துறைக்கு அன்றே அனுப்புதல் வேண்டும். அழுகிய மீனைக் கொண்டு இறப்பின் காரணத்தை அறிவது அரிது.