குறி தொடையில்

திரௌபதி அம்மன் திருவிழாவில், படுகளத்தன்று துரியோதனன் மல்லாந்து கிடப்பான். களிமண்ணைக் குழைத்துப் போட்ட உடம்பு. நீளம் ஆள் உயரத்தைப்போலப் பல மடங்கு. முறுக்கிய மீசை, பிதுங்கிய கண், தலையில் மண்ணாலேயே கிரீடம். விடிய விடிய ‘பதினெட்டாம் போர்’ ஆடித் தொண்டை கட்டிப்போன கூத்துக்காரர்கள் இருவர் அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் ஓடுகிறார்கள். ஒருவர் பீமன், இன்னொருவர் துரியோதனன். கதையும் கதையும் மோதுகின்றன, விலகுகின்றன, மறுபடி மோதுகின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிருஷ்ணன் வேஷம் கட்டியவர் ஓரமாக நின்று தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறார். அடுத்த அடி மண் தொடையில் விழுகிறது. உள்ளே புதைத்துவைத்த சட்டி உடைந்து சிவப்பு பீறிடுகிறது. அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள். சுற்றி நிற்கும் பெண்கள் குலவையிடுகிறார்கள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கினாலும் விக்கிரவாண்டியில் இறங்கினாலும், மேற்கே செஞ்சி வரைக்கும், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவே இதைப் பார்க்கலாம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளம், அன்று மாலையே தீமிதி. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் செஞ்சிச் சீமையை மையமாக வைத்து 1988-லும் 1991-லும் திரௌபதி வழிபாட்டைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். ஊர்க்காரர்களுக்கு அந்தப் புத்தகங்கள் தெரியாது. தொடையில் அடி விழும் நேரம் தெரியும்.

இதே அடி 1997-ல் கம்ப்யூட்டர் திரையிலும் விழுந்தது. அந்த ஆண்டு வெளிவந்த ‘ஃபால்அவுட்’ கேமில், எதிரி மேல் குறிவைத்தால் அவன் உடம்பின் படம் ஒன்று தனியாகத் திறக்கும். கண், தலை, கை, கால், வயிற்றுக்குக் கீழே என்று ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம் எழுதியிருக்கும். கண்ணுக்குக் குறிவைத்தால் பெரும்பாலும் தவறும். பட்டுவிட்டால் கதை முடிந்தது. காலுக்கு வைத்தால் ஆள் சாகமாட்டான், நொண்டுவான். இப்படிக் குறிபார்க்கச் செயல் புள்ளி கூடுதலாகச் செலவாகும். அந்தச் சதவீதத்தை வெறித்தபடி, சுடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரம் இருக்கிறதே, சண்டையின் ருசி முழுக்க அதில்தான். துப்பாக்கி வெடிப்பது அதற்குப் பிறகு வருகிற பின்பாட்டு.

ரோல்பிளேயிங் கேம் அல்லது ஆர்.பி.ஜி. என்பது, ஒரு பாத்திரத்தை நாமே உருவாக்கி, அதற்குப் பலமும் பலவீனமும் கொடுத்து, அதன் வாழ்க்கையை நடத்திப் பார்க்கிற விளையாட்டு. 1974-ல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டுதான் இதற்குத் தாய். தாளும் பென்சிலும் இருபது முகப் பகடையும் போதும். அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவை 1981-ல் வந்த ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ போன்றவை. பகடையில் தொடங்கிய சண்டைகள் என்பதால் நம் ஊர்க்காரருக்கு உறவு சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. பாரதச் சண்டையும் சகுனி உருட்டியதில் தொடங்கியதுதான்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் சிறுநகரத்துப் பிரவுசிங் சென்டர்களில் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ சத்தம்தான் கேட்கும். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காருகிற இடத்தில், அறுபது எழுபது மணி நேரம் கேட்கிற ஆர்.பி.ஜி. எப்படி எடுபடும்? அதை ஆடியவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தவர்கள், அல்லது சிநேகிதன் வீட்டில் ராத்திரி தங்க அனுமதி வாங்கியவர்கள். இன்றைய பையன்களுக்கு அந்தப் பழைய கேம்களைக் காட்டினால் முதலில் சொல்வது, “ரொம்ப ஸ்லோ.” ஆமாம், ஸ்லோதான். கூத்தும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிந்த பிறகுதான் முடிகிறது.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். கர்ணன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கர்ண மோட்சம்’ ஆடுகிற இரவில், அர்ச்சுனனுக்கு எதிரே வந்து நிற்கிற கர்ணனிடம் என்ன மிச்சமிருக்கிறது? பிறந்தபோதே வந்த கவசமும் குண்டலமும் இந்திரனுக்குத் தானமாகப் போயின. இந்திரன் பதிலுக்குக் கொடுத்த சக்தி ஆயுதம் கடோத்கசன் மேல் செலவாகிவிட்டது. நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் விடுவதில்லை என்று குந்திக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த ஒரு தடவையும் கிருஷ்ணன் தேரை அழுத்த, அம்பு கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. தேரோட்டி சல்லியன் கோபித்துக்கொண்டு இறங்கிப்போகிறான். சக்கரம் மண்ணில் புதைகிறது. கடைசியில் செய்த புண்ணியத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார் கண்ணன். பையில் இருந்தது ஒவ்வொன்றாகக் காலியாவதைக் கூட்டம் எண்ணிக்கொண்டே வருகிறது. அதனால்தான் கடைசி அம்பு அத்தனை கனமாக விழுகிறது.

பயோவேர் நிறுவனம் உருவாக்கி 1998 டிசம்பரில் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட்’ இந்தக் கணக்கை அப்படியே ஆடவைத்தது. மந்திரவாதியாகத் தொடங்கினால் முதல் லெவலில் ஒரே ஒரு மந்திரம். அதை விட்டுவிட்டால் தூங்கி எழுந்தால்தான் அடுத்தது. உயிர்ப்புள்ளியோ நாலோ ஐந்தோ. ஓநாய் ஒன்று ஒழுங்காகக் கடித்தால் போதும், ஆட்டம் முடிந்தது. ஆனால் அந்த ஒரே மந்திரம் ‘தூக்கம்’ என்று வையுங்கள். வழிமறித்த கும்பல் மொத்தமும் தரையில் சரியும். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் என்பதால் அதை எங்கே விடுவது என்று பயந்து பயந்து பொத்திவைத்திருப்போம். மந்திரப்புள்ளி தானாக ஊறிக்கொண்டே இருக்கிற, விநாடிக்கு ஒரு வெடி போடுகிற புதிய கேம்களில் அந்தப் பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் அடிக்கு எடையும் இல்லை. என் கட்சி இதுதான்.

பலம் சேர்ப்பதிலும் நம் ஊர்க் கூத்து முன்னோடி. ‘அர்ச்சுனன் தபசு’ நடக்கிற நாளில் உயரமான தபசு மரத்தை நட்டு, படிக்கட்டை வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். பாசுபதம் ஒரு க்ளிக்கில் கிடைத்திருந்தால் அதைப் பார்க்க யார் வந்திருப்பார்கள்? லெவல் ஏறுவது என்றால் அந்த மரம் ஏறுவதுதான்.

இனி, அடிக்கும் முறை. கூத்தில் இரண்டு வீரர்கள் மோதினால் உடனே பாய்ந்து வெட்டிக்கொள்வதில்லை. ஒருவர் பாடுவார், ஆடுவார், ‘அடே’ என்று எதிராளியின் குலம் கோத்திரத்தை இழுப்பார். அவர் முடித்ததும் மற்றவர் முறை. தர்க்கம் ஏற ஏற மிருதங்கமும் முகவீணையும் ஏறும். திடீரென்று இருவரும் கிறுக்கி அடித்துச் சுழல்வார்கள். பாவாடை விரிந்து பறக்க, கால் சலங்கை ஒரே இரைச்சலாகும். நின்றதும் மறுபடி பேச்சு. நடுவில் கட்டியக்காரன் வந்து, யார் யாரை அடித்தார், ஏன் அடித்தார் என்று ஊர்ப் பேச்சில் ஒரு நக்கலோடு சொல்லிவிட்டுப் போவான். கேம் உலகத்தில் இதற்கு ‘டர்ன் பேஸ்டு’ என்று பெயர்: நீ ஒரு முறை, நான் ஒரு முறை. கட்டியக்காரனின் வேலையை ‘ஃபால்அவுட்’டில் திரையின் கீழ் மூலையில் ஓடுகிற எழுத்துகள் செய்தன. இன்ன இடத்தில் பட்டது, இவ்வளவு சேதம் என்று அது சொன்ன வரிகள் பல சமயம் படத்தைவிடக் கொடூரமாகவும் சிரிப்பாகவும் இருந்தன.

முறை வைத்து ஆடினால்தான் ருசி என்று சட்டம் போடவும் முடியாது. ‘டயாப்ளோ’ என்ற கேம் முதலில் முறை வைத்து ஆடுவதாகத்தான் திட்டமிடப்பட்டது. அதன் முதன்மை நிரலாளர் டேவிட் பிரெவிக், நிகழ்நேரமாக மாற்றச் சொன்னவர்களோடு மல்லுக்கு நின்றவர். பிறகு அரை மனதோடு ஒரு மதியப் பொழுதில் மாற்றிப் பார்த்தார். எலும்புக்கூட்டின் மேல் சுட்டியை அழுத்தினார்; வீரன் நடந்துபோய் ஓங்கி ஒரு போடு போட்டான்; எலும்புக்கூடு சிதறியது. அந்த நொடியிலேயே விளையாட்டு என்னவாக இருக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டதாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அங்கேயும் கவனிக்க வேண்டியது, அழுத்துவதற்கும் அடி விழுவதற்கும் நடுவே அவன் நடந்துபோகிற அந்தச் சில அடிகள். ‘பால்டர்ஸ் கேட்’ நடுவழி பிடித்தது: சண்டை தானாக ஓடும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உறையும். ஆறு பேரில் யார் யாரை அடிப்பது என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டலாம். குறுகலான சுரங்க வழியில் ஆறு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பது ஒரு கண்றாவி, அதையும் சொல்லிவிட வேண்டும்.

படம் பற்றி. ‘பால்டர்ஸ் கேட்’ ஓடிய திரை 640-க்கு 480 புள்ளிகள். வீரன் கட்டைவிரல் அளவு. முகத்தில் கண் எது மூக்கு எது என்று தெரியாது. ஆனால் அவன் போட்டிருக்கும் கவசத்தின் நிறம் தெரியும், கையில் கோடரியா ஈட்டியா என்பது தெரியும். ஓரத்தில் மட்டும், யாரோ பொறுமையாகத் தீட்டிய அவன் முகம் சதுரமாக இருக்கும். மீதியை நம் மூளை போட்டுக்கொள்ளும். கூத்தில் கட்டை வேஷம் செய்வதும் இதையேதான். பெரிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், எல்லாம் எடையில்லாத மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கடைசி வரிசையில் பாதித் தூக்கத்தில் கிடக்கிற குழந்தைக்கும் வந்திருப்பது ராஜா என்று தெரிய வேண்டும். அதற்கான அளவுதான் அந்தத் தோளும் தலையும். முகத்துச் சிவப்பைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவன் என்று புரிந்துவிடும். இப்போது பல ஊர்களில் வெள்ளை எல்.இ.டி. விளக்கைக் கொட்டுகிறார்கள். கண்ணாடிச் சில்லு மின்னுவதற்குப் பதிலாக ஒட்டிய பசை தெரிகிறது. பழைய கேம்களை ‘ரீமாஸ்டர்’ செய்கிறேன் என்று சுருக்கம் சுருக்கமாகத் துலக்குபவர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள்.

களிமண் சங்கதி ஒன்றும் உண்டு. ‘ஃபால்அவுட்’டில் முக்கியமான ஆட்களிடம் பேசும்போது பெரிதாக ஒரு தலை திரையில் வந்து உதடசைத்துப் பேசும். அந்தத் தலைகளைக் கம்ப்யூட்டரில் நேரடியாக வரையவில்லை. களிமண்ணில் கையால் வடித்து, பிறகு கணினிக்குள் ஏற்றினார்கள். தோலின் சொரசொரப்பும் கண்ணுக்குக் கீழே தொங்கும் சதையும் இன்றும் அழுக்காக, உயிரோடு இருக்கின்றன. அப்படிப் பேசிப் பழகிய தலையைப் பிறகு சுட வேண்டி வரும்போது விரல் தயங்கும்.

நம்மோடு வருகிற குழுவில், கேம் பாஷையில் ‘பார்ட்டி’யில், யார் யார் என்பது கேமில் நம் விருப்பம். ஊரில் அப்படி இல்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் வரக் கூடாது என்று எழுந்த தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டியதாயிற்று. பகாசூரன் கதை நாளில் பீமன் வண்டி கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சோறு வாங்க வருவான். அந்த வண்டி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

நம்மிடம் இவ்வளவு இருந்தும் இந்த மண்ணிலிருந்து ஒரு பெரிய ஆர்.பி.ஜி. வரவில்லை. பழைய இந்தியாவைக் களமாக்கிய ‘அன்ரெஸ்ட்’ 2014-ல் வந்தது. புனேவிலிருந்து 2020-ல் வந்த ‘ராஜி’ பார்க்க அழகான கேம், ஆனால் ஓடித் தாவி அடிக்கிற வகை. சந்தை இல்லை என்று இனி சொல்ல முடியாது. 2023-ல் முறை வைத்து ஆடுகிற, பகடை உருட்டுகிற ‘பால்டர்ஸ் கேட் 3’ உலகம் முழுக்க விற்று, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் தட்டிச்சென்றது.

யாராவது செய்யப் புறப்பட்டால், எதிரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு கூத்து ஜமாவில் குரலும் உடம்பும் அனுபவமும் உள்ள ஆட்டக்காரருக்குத்தான் பெரும்பாலும் துரியோதனன் வேஷம். திரைக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றபடியே வெகுநேரம் பாடி, திரை விலகியதும் அவன் போடுகிற ஆட்டத்துக்குத்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது. ‘பதினெட்டாம் போர்’ இரவில் தம்பிகளையும் கர்ணனையும் இழந்து புலம்புகிற துரியோதனனுக்காக, காலையில் அவன் தொடை உடைவதைப் பார்க்க வந்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 2000-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 2’ இதைப் புரிந்துகொண்ட கேம். அதன் எதிரி ஐரெனிகஸ் முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறான். குரல் கொடுத்தவர் டேவிட் வார்னர், ஷேக்ஸ்பியர் நாடக மேடையில் ஊறிய நடிகர். பிறகு அவன் நம் பாத்திரத்தின் கனவில் வருகிறான், நம்மிடமிருந்து பறிக்கிறான், தன் கதையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவைக்கிறான். கடைசியில் எதிரே நிற்கும்போது, எந்த மந்திரத்தை முதலில் விடுவது என்று ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்திவிட்டு, அவனைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றும்.