இலங்கையில் ஒரு வீடு: பார்க்கவா, தங்கவா, வாங்கவா?

பொங்கல் விழாவன்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, மாஹிம் வீட்டை வித்துட்டு இலங்கையில மலைப்பக்கம் ஒரு வீடு வாங்கிரலாம்னு நெனைக்கேன். நம்ம பாஷை, நம்ம சாப்பாடு, நல்ல குளிர்ச்சி. நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டார்.

நண்பர் திருநெல்வேலிக்காரர். ஓய்வு பெற ஓராண்டுதான் பாக்கி. நாற்பதாண்டு உழைப்பில் மிஞ்சியது அந்த ஓர் அறை வீடு ஒன்றே. அதை விற்றுவிட்டால் மறுபடி இந்தப் பக்கம் திரும்ப வழியில்லை. ஆகவே வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், "ஒரு மாசம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். நான் பாத்திர வியாபாரி. கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். கல்லாவில் இருந்தபடியே படித்ததை நம் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறேன்.

முதலில், சுற்றிப் பார்ப்பது. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி. அதற்குள்ளே கடற்கரை, காடு, சிகிரியாக் குன்று, காலிக் கோட்டை, சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் நுவரெலியா என்று எல்லாம் அடக்கம். இரு பருவமழைகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கொழும்பு, காலிப் பக்கம் பெய்யும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கு மழை திருகோணமலைப் பக்கம். எனவே பிள்ளைகளின் மே மாத விடுமுறைக்குக் கிழக்குக் கரை, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தெற்குக் கரை என்று வைத்துக்கொள்ளலாம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் மறுபடி தொடங்கியது நமக்கெல்லாம் மகிழ்ச்சியான செய்தி.

இரண்டாவது, ஓய்வுக் காலத்தில் தங்குவது. 55 வயது நிரம்பிய வெளிநாட்டாருக்கென்று 'என் கனவு இல்லம்' என்றொரு விசாத் திட்டத்தை அந்நாடு கொண்டு வந்தது. அதில் 15,000 டாலர் வங்கியில் வைப்பு. அதற்கு மேல் மாதந்தோறும் வெளியிலிருந்து 1,500 டாலரும், உடன் தங்கும் துணைக்கு 750 டாலரும் வந்துகொண்டிருக்க வேண்டும். தம்பதிக்கு மாதம் சுமார் 2 லட்சம் ரூபாய்! நம் பென்ஷன் எங்கே, அது எங்கே? விதிகளும் மாறுபவை, விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியே செல்லும்.

மூன்றாவது, வாங்குவது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டப்படி வெளிநாட்டார் பெயருக்கு நிலம் எழுத முடியாது. அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகைதான். அடுக்குமாடி வீடு வாங்க விலக்கு உண்டு. ஆனால் பத்திரம் எழுதுமுன் முழுத் தொகையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியே வந்திருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று தரகர் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நம் பக்கத்துச் சட்டமும் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இப்படி வீட்டுக்கு அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடித்துக்கொள்ளும்; பிறகு வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்யலாம். வெளிநாட்டுச் சொத்தை ஆண்டுதோறும் கணக்கில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் தண்டம் வரலாம்.

நாட்டு நிலவரத்தையும் பார்க்க வேண்டும். 2022இல் அந்நாடு வெளிக்கடனைக் கட்ட இயலாமல் நிறுத்தியது. டாலருக்கு 200 ரூபாயாக இருந்தது சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. 2025 நவம்பரில் டிட்வா புயலின்போது, நண்பர் ஆசைப்படும் அதே மலைநாட்டில் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

அந்த மலையைத் தோட்டமாக்கியவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள்தாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தோருக்கு 2003இல்தான் குடியுரிமை கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் சொந்த நிலமில்லாமல் லயத்து அறையில் இருப்பவர் இன்றும் உண்டு. நாம் அங்கே பங்களா தேடுமுன் இதையும் நினைக்க வேண்டாமா?

சமணன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அநுராதபுரத்தில் ஜோதியர் என்ற நிகண்டருக்குப் பண்டுகாபய மன்னன் வீடு கட்டிக் கொடுத்ததாக மகாவம்சம் கூறுகிறது. தோற்று ஓடிய வட்டகாமணி அபயனைக் கிரி என்ற நிகண்டர் ஏளனம் செய்ததாகவும், அரசன் மீண்டு வந்து நிகண்டர் பள்ளியை இடித்து அவ்விடத்தில் அபயகிரி விகாரையை எழுப்பியதாகவும் அதே நூல் கூறுகிறது. அரசன் தயவில் நின்ற வீடு அரசன் கோபத்தில் போயிற்று. விருந்தாளியின் வீடு என்றும் அப்படித்தான்.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வீட்டை விக்கல, அண்ணாச்சி. வாடகைக்கு விட்டுட்டு, அவளையும் கூட்டிக்கிட்டு ஒரு மாசம் பாத்துட்டு வாரேன்" என்றார். பார்க்கப் போங்கள், மனம் நிறைந்து வாருங்கள். திரும்பி வர ஒரு சாவி மட்டும் கையில் இருக்கட்டும்.