வாஷிங் மெஷினில் கருகல் வாடையா? பிளக்கைப் பாருங்கள்

பசறை, ஹாலி எல, அப்புத்தளைத் தோட்டங்களில் பீலிக்கரையில் குனிந்து துவைத்த கைகளுக்கு வாஷிங் மெஷின் பெரிய ஆறுதல். நவம்பர், டிசம்பர் மழையில் உடுப்புக் காயாத நாட்களில் அது இஸ்தோப்பில் ஓயாமல் ஓடும். கருகல் வாடை வந்தால், “இந்தத் துணி முடியட்டும்” என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

ரப்பர் கருகும் வாடை என்றால் பெல்ட். ஈரக் கம்பளியை அளவுக்கு மீறித் திணித்தால் டிரம் திணறும். மோட்டார் இழுக்க, பெல்ட் வழுக்கித் தேயும். மோட்டார் உறுமியும் சுழலாவிட்டால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். வார்னிஷ் எரிவது போன்ற காரமான நெடி வந்தால் மோட்டாரின் செப்புக் கம்பிச் சுற்றே கருகுகிறது. வோல்டேஜ் குறைந்தாலும் மோட்டார் திணறிச் சூடேறும் என்பதால், மாலையில் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் ஓடி வோல்டேஜ் இறங்கும் இடங்களில் பகலில் துவைப்பதே நல்லது.

நான் அதிகம் அஞ்சுவது பிளக்கைத்தான். சூடேறிய பிளக், சொக்கெட்டிலிருந்து சில வேளை மீன் வாடை வரும். கருவாடு பொரியும் வீட்டில் அதை யார் கவனிப்பார்? தண்ணீரைச் சுடவைக்கும் மெஷின் ஏறக்குறைய 2,000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 9 அம்பியருக்குக் கிட்ட. அதைப் பழைய 5 அம்பியர் சொக்கெட்டில் அடாப்டர் வைத்துக் கொளுவினால் சொக்கெட் வெந்துபோகும். ட்ரிப் சுவிட்ச் விழவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. அது மின்கசிவுக்குத்தான் விழும். இணைப்புத் தளர்ந்த இடத்தில் கசிவு இல்லை, சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

வாடை வந்ததும் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கால்கள் கறுத்திருந்தாலோ பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ பிளக், சொக்கெட் இரண்டையும் மாற்ற வேண்டும். தளர்ந்த பழைய சொக்கெட் புதுப் பிளக்கையும் எரித்துவிடும்.

லயத்தில் இது ஒரு வீட்டுக் காரியமல்ல. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒன்றில் பிடித்த தீ கூரை வழியே அடுத்ததற்குத் தாவும். மின்னொழுக்கால் லயங்கள் எரிந்து குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றதை மலையகம் பலமுறை பார்த்திருக்கிறது. பதுளையிலிருந்து தீயணைப்பு வண்டி மலைப்பாதை ஏறி வரும்வரை தீ காத்திருக்காது. பல லயங்களின் வயரிங், ஒரு பல்பும் ரேடியோவும் போதும் என்றிருந்த காலத்தில் இழுத்தது. கொழும்பிலிருந்து அம்மாவுக்கு மெஷின் வாங்கி அனுப்பும் பிள்ளைகள், தனிக் கம்பி, எர்த், 13 அம்பியர் சொக்கெட் போடும் செலவையும் சேர்த்தே அனுப்புங்கள். மெஷினைக் கொளுவும் முன் எலக்ட்ரீஷியன் வந்து அந்த வேலையை முடித்திருக்க வேண்டும்.