72 வயது காரில் 102 நாடு! 6 மாதம் என்று கிளம்பியவர்கள் 22 வருடம் கழித்து வந்தார்கள்

அர்ஜெண்டினாவைச் சேர்ந்தவர் ஹெர்மன் ஜாப். மனைவி கேண்டலேரியா. கல்யாணமாகி 6 வருடம். பிள்ளை குட்டி பெறுவதற்கு முன் அலாஸ்கா வரை ஒரு நடை போய்வர ஆசை.

வாங்கியதோ 1928-ம் வருடத்து கிரகாம்-பெய்ஜ் கார். சக்கரத்து ஆரங்கள் மரம்! மணிக்கு 40 கி.மீ. வேகம்தான் அதற்குத் தோது. கையிருப்பு 4 ஆயிரம் டாலர்.

2000 ஜனவரி 25-ந்தேதி கிளம்பினார்கள். ஈக்வடாரில் பணம் காலி! கேண்டலேரியா பறவைப் படம் வரைய, ஹெர்மன் சட்டம் அடிக்க, அதை விற்றுத்தான் பெட்ரோல்.

இடையே 4 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு நாட்டில் பிறந்தார்கள். இடம் பற்றுமா? காரையே இரண்டாக அறுத்து, 40 செ.மீ. நீட்டி, இன்னொரு வரிசை சீட் போட்டார் ஹெர்மன்.

3 லட்சத்து 62 ஆயிரம் கி.மீ. ஓடி, 2022 மார்ச்சில் பயணம் முடிந்தது. மூத்த பையனுக்கு அப்போது வயது 19!